அவிழ்க்கச் சொன்னவன் நான்

இதை எழுத இருபது வருஷத்துக்கு மேல் தயங்கினேன். இரண்டு தடவை காகிதத்தை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, நாலு வரி எழுதி, பிறகு மடித்துப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். இரண்டு காகிதமும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. விளக்கேற்றும்போது தினமும் கண்ணில் படும். படாத மாதிரி இருந்துவிடுவேன்.

போன மாதம் நம் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். எட்டாவது வரை படித்தவனை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டீர்கள். சாக நினைத்தவர்களுக்குக் கையில் காப்புக் கட்டிப் பிழைக்க வைத்த கதையைச் சொல்லச் சொன்னீர்கள். இரண்டு பேர் கதையைச் சொன்னேன். இரண்டும் நடந்ததுதான். கை தட்டினீர்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டே, "எத்தனை நாளுக்குக் கட்டணும் சார்?" என்று கேட்டாள். "அது ஆளைப் பொறுத்ததும்மா" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணின் நோட்டில் இருப்பது பாதிதான். மீதியைச் சொல்லாமல் நான் போய்ச் சேர்ந்தால், அந்தப் பாதியை நம்பி அவள் யாருக்காவது காப்புக் கட்டுவாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் படியுங்கள்.

நான் சேர்ந்தபோது இது ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காது. வேலூருக்கு வெளியே ஓட்டு வீடு, ஆறு அறை, முற்றத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் கல்லாக ஓர் அம்மன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மனசு கெட்டுப்போனவர்களைச் சங்கிலியில் கட்டிப்போடும் காலம் அது. எங்கள் டாக்டரம்மா கட்ட மாட்டார். நோயாளியோடு வீட்டாரில் ஒருவர் கூடவே தங்கவேண்டும், அவர்களே சமைத்துப் போடவேண்டும் என்பது அவர் விதி. நான் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் கதவைத் திறந்து மூடவும் சேர்ந்தவன்.

என் அப்பா எங்கள் ஊரில் வேப்பிலை அடித்து மந்திரிக்கிறவர் என்று யாரோ சொல்லி டாக்டரம்மா காதுக்குப் போய்விட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். அவரோ, "உங்க அப்பா மந்திரிக்கும்போது முதல்ல என்ன கேப்பார்?" என்றார்.

"ஒண்ணும் கேக்க மாட்டாரும்மா. வந்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் குனிஞ்சி வேப்பிலையை ஆஞ்சிக்கினு இருப்பாரு."

டாக்டரம்மா சிரித்தார். "சீமைக்குப் போய் நான் படிச்சிட்டு வந்ததும் அதுதான் தணிகாசலம். நாளையிலேருந்து தோட்டத்துக்கு வேற ஆள். நீங்க என்கூட உட்காருங்க."

அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். நீங்கள் ஆலோசனை என்கிறீர்கள். அப்போது அதற்குப் பெயர் பேச்சு. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வைப்போம், கஞ்சி கொடுப்போம், பேசவிடுவோம். சாயங்காலம் இஷ்டப்பட்டவர்கள் வேப்பமரத்து அம்மனுக்கு விளக்கு வைப்பார்கள். சாயபு வீட்டார் அவர்கள் அறையில் ஓதுவார்கள். மருந்து ரொம்பக் கம்மி. டாக்டரம்மா வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் என் விபூதியை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஏழுமலையும் அவன் மனைவி பச்சையம்மாவும் ஓர் ஆனி மாதம் வந்தார்கள். ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம். ஏழுமலைக்கு டேனரியில் தோல் ஊறுகிற குழிகளில் வேலை. ஆவாரம் பட்டைத் தண்ணீரில் வருஷக்கணக்காக முங்கி முங்கி அவன் கை முழங்கை வரைக்கும் செம்பழுப்பாக இருக்கும். தேய்த்தாலும் போகாது. துணியில் தோல் வாடை. பக்கத்து அறையில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா இந்த நாத்தம்? அந்தத் துணியை வெளிய போடக் கூடாதா?" என்றாள்.

பச்சையம்மா அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "நாத்தம்னு சொல்றவங்க மொதல்ல கால்ல இருக்கிற செருப்பைக் கழட்டி வெச்சிட்டு வந்து சொல்லட்டும்."

தாழ்வாரமே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. அவன் பேசியே நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

நடந்ததைப் பச்சையம்மாதான் சொன்னாள். "போன ஆடியில ஒருநாள், குழியை வாரணும்னு இவருக்கு முறைண்ணா. இவரு குடியாத்தம் போய்ட்டாரு, தம்பிக்குக் கைலி எடுக்க. அவன் கோவிந்தன், பண்டிகைக்குப் புதுசு இல்லன்னு மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு இருந்தான். 'நான் வர்ற வரைக்கும் என் எடத்துல நில்லுடா'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நிக்கத்தான் சொன்னாரு. அவன் எறங்கிட்டான்." குழியின் அடியில் கெட்ட காற்று. தூக்கி வெளியே போடும்போது மூச்சு இல்லை. அந்தக் கைலியை ஏழுமலை மடிப்புப் பிரிக்காமல் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பான்.

பதிமூன்று நாள் அவன் தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மாதிரி குனிந்து வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். பதினாலாம் நாள் அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் தம்பி கை வெள்ளையா இருந்துச்சு" என்றான். "சேந்து ஒரு மாசம் கூட ஆவல. சாயமே ஏறல அண்ணா. அவனைக் குளிப்பாட்டும்போது பாத்தேன். பொம்பளப் புள்ள கை மாதிரி வெள்ளையா இருந்துச்சு."

பச்சையம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அன்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புருஷன் பேசிவிட்டானே. எனக்கும்தான். பிற்பாடு நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்: பேச ஆரம்பித்துவிட்டால் பிழைத்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். பேச்சு கதவைத் திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

ஆடி பிறந்த வாரம், டாக்டரம்மா இரண்டு நாள் மெட்ராஸ் போயிருந்தார். காலையில் பச்சையம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம். ஏழுமலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாக, "அண்ணா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். பச்சையம்மாவை அவங்க அம்மா வூட்ல கொண்டு போய் வுட்டுடுங்க. அவ பாத்தா தாங்க மாட்டா. நான் என் தம்பிகிட்ட போறேன்" என்றான்.

கேட்க டாக்டரம்மா இல்லை. கட்டிப்போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது காப்புதான். எங்கள் பக்கத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டினவன், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. பெற்ற பிள்ளைக்கு வெளியூரில் காய்ச்சல் என்றாலும் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவான்.

மஞ்சள் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் துண்டை வைத்து, வேப்பிலையும் சேர்த்து, அவனை மரத்தடி அம்மன் முன்னால் உட்கார வைத்தேன்.

"ஏழுமலை, காப்புக் கட்டினா எல்லை தாண்டக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"உனக்கு எல்லை ஊரு இல்லப்பா. உன் உசுரு. அதைத் தாண்ட மாட்டேன்னு அம்மா முன்னாடி சொல்லு."

மரத்தடிக் கல்லையே பார்த்தான். பிறகு, "எத்தினி நாளுக்கு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில் நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அவர்கள் ஊரில் ஆடி நாலாம் ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள் என்று பச்சையம்மா சொல்லியிருந்தாள். "உங்க ஊர்ல கூழு ஊத்துற வரைக்கும்" என்றேன்.

"சரி. காப்பு கையில இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்" என்றான். கட்டினேன். அந்தச் செம்பழுப்புக் கையில் மஞ்சள் நூல் பளிச்சென்று இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

டாக்டரம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்ல காரியம் பண்ணினீங்க. எனக்குத் தோணியிருக்காது" என்றார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவிழ்க்கிற அன்னைக்கு?" என்றார்.

"அதுக்குள்ள அவனே தெளிஞ்சிடுவாம்மா."

"தெளியலைன்னா? இப்ப அவனைப் பிடிச்சிட்டிருக்கிறது அந்த நூல். அது போற அன்னைக்கு வேற ஏதாவது பிடிச்சிக்கணும் தணிகாசலம். நீங்க பக்கத்துல இருக்கணும்."

"இருப்பேம்மா" என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் ஏழுமலை பார்க்க நல்ல பிள்ளை. குளித்தான், தின்றான், வேப்பமரத்தடியைப் பெருக்கினான். தினம் காலையில் ஒரு கேள்வி மட்டும் கேட்பான்: "இன்னும் எத்தினி நாள் அண்ணா?" ஊருக்குப் போக அவசரப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு நாளைச் சொல்வேன். திருவிழாவுக்கு வீட்டுக்கு அனுப்பலாமா என்று பச்சையம்மா கேட்டாள். அவன் அம்மாவும் சொல்லி அனுப்பியிருந்தாள். டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஞாயிற்றுக்கிழமை காலையில் தணிகாசலம் நேரில் வந்து தன் கையால் அவிழ்க்கவேண்டும், ஒரு வாரம் அவன்கூட இருந்து திரும்ப அழைத்து வரவேண்டும். நான் பச்சையம்மாவிடம் சத்தியம் மாதிரி சொல்லி அனுப்பினேன்.

எங்கள் ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம், மலையடிவாரம். அங்கேயும் அதே வாரம் திருவிழா. பூங்கரகம் எடுப்பது எங்கள் பங்காளி வீட்டு உரிமை. எடுக்க வேண்டிய என் சித்தப்பா மகன் காய்ச்சலில் படுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை ஆள் வந்தது. "நம்ம வூட்ல வேற ஆம்பள இல்ல, நீதான் எடுக்கணும்" என்றார்கள். எனக்கு மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்புறம் ஒரு பையன் பிறந்திருந்தான். அம்மன் கொடுத்த பிள்ளை என்று நம்பியிருந்தவன் நான். மறுக்க வாய் வரவில்லை. லீவு கேட்டபோது டாக்டரம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போக முடியாது என்பதைச் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதினால் பொய். சொன்னால் போக விடமாட்டார் என்று தெரியும். கையில் காப்பு ஏறிவிட்டது. திங்கட்கிழமை கரகம் இறங்கும் வரைக்கும் நான் எல்லை தாண்டக் கூடாது.

நான் வர முடியாது, திங்கள் கழித்து வருகிறேன் என்று ஒரு லாரிக்காரரிடம் பச்சையம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டுவிட்டு சனிக்கிழமை மத்தியானம் அவளே வந்துவிட்டாள். மாதனூர் வரைக்கும் பஸ், அப்புறம் ஒரு மாட்டுவண்டி, மீதி நடை. புழுதி முழங்கால் வரைக்கும் இருந்தது. கோயிலுக்கு எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க வரணும். இப்பவே."

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அதான் பயமா இருக்குது. ரொம்ப நல்லா இருக்காரு. அவங்க அம்மா கால்ல வுழுந்து கும்புட்டாரு. என்னைப் பாத்து, 'உனக்குத்தான் ரொம்ப பேஜார் குடுத்துட்டேன்'னாரு. நேத்து அந்தக் கைலியை எடுத்துக்கினு போயி, கூட வேலை செய்ற தோஸ்து ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இப்போது இதை எழுதும்போது கை கூசுகிறது. "நல்லதுதானேம்மா! ஒரு வருஷமா பிரிக்காம வெச்சிருந்த கைலி. துக்கத்தை எறக்கி வெச்சிட்டாம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு அப்படித் தோணல. வூட்டைக் காலி பண்றவங்க சாமானைக் குடுக்கிற மாதிரி குடுத்தாரு. நீங்க வாங்கண்ணா. காலைல அவுத்துட்டு, பக்கத்துல உக்காந்துக்குங்க. போதும்."

என் கையைக் காட்டினேன். "காப்புக் கட்டியிருக்கேன் பச்சையம்மா. எல்லை தாண்டக் கூடாது. நாளான்னிக்கு எறங்கிடும். செவ்வாய்க்கிழமை காலைல உங்க வூட்டு வாசல்ல நிப்பேன்."

அவள் என் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நீங்க வர்ற வரைக்கும் அவருக்கு அவுக்காம வெச்சா ஆவாதா அண்ணா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் அவள். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு கற்றுக்கொண்டவன் நான். செய்ய வேண்டியது இன்னது என்று அவள் சரியாகச் சொன்னாள். இரண்டு நாள் அந்த நூல் அவன் கையிலேயே இருக்கட்டும் என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் சொன்ன பதில்: "சேச்சே, அது தப்பும்மா. கூழு ஊத்தின அன்னிக்கு அவுத்தே ஆவணும். நாள் தாண்டிக் கையில இருந்தா தோஷம். நீயே உன் கையால அவுத்துக் கெணத்துல போட்டுடு. அம்மா பாத்துக்குவா."

"நானா?"

"கட்டினவன் நான் சொல்றேன். அவுத்துடு."

என் சம்சாரம் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம், சாயங்காலத்துக்குள்ளே போய்ச் சேரணும் என்று திரும்பி நடந்தாள். எல்லைக் கல் வரைக்கும் கூடப் போனேன். அவள் தாண்டிப் போனாள். நான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கரகம் நன்றாக இறங்கிற்று. செவ்வாய்க்கிழமை சொன்னபடியே காலையில் ஆம்பூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் இறங்கினேன். பிரசாதம் கொண்டு போயிருந்தேன். தெரு முனையிலேயே பறைச் சாம்பல் கிடந்தது. சாவுக்கு அடிக்கிற தப்பைக் காய்ச்ச வைக்கோல் எரித்த சாம்பல். புரிந்துவிட்டது, ஆனாலும் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றிய பிறகு அவள் அவிழ்த்திருக்கிறாள். திங்கட்கிழமை விடியலில் அவன் தன் தம்பி போன இடத்துக்கே போய்விட்டான். எப்படி என்று எழுத மாட்டேன். அது உங்களுக்குத் தேவையில்லை. கொடுத்த வாக்கை அவன் நூல் பிசகாமல் காப்பாற்றினான் என்பது போதும். காப்பு இருக்கிற வரைக்கும் என்று சொன்னான். அந்த வரைக்கும் இருந்தான்.

வாசலில் அவன் அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரு வருஷ இடைவெளியில் கொடுத்தவள். வாயைத் திறந்தால் ஒரே பேச்சு: "அவுத்தியேடி பாவி! காப்பு இருந்தவரைக்கும் எம்புள்ள இருந்தானேடி! யாரைக் கேட்டுடி அவுத்த?" சுற்றி நின்ற பெண்கள், "கட்டினவன் வர்றதுக்குள்ள இவளுக்கு இன்னா அவசரம்?" என்றார்கள். "எவனை மனசுல வெச்சிக்கினு அவுத்தாளோ" என்று கூட ஒருத்தி சொன்னாள்.

பச்சையம்மா சுவர் ஓரமாக நின்றிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான்தான் அவிழ்க்கச் சொன்னேன், அவள் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கையில் பிரசாதப் பொட்டலத்தோடு நின்றேன். அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள். அவளும் சொல்லவில்லை.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்படி அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நானும் தப்புப் பண்ணினேன். ஓர் ஆளை ஒரு நூலையும் ஒரு மனுஷரையும் மட்டும் நம்பி அனுப்பினேன்" என்றார். பிறகு, "இதை நம்மகிட்ட புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் நீங்க சொல்லணும் தணிகாசலம். அதுதான் உங்களுக்குத் தண்டனை. வேலையை விடக் கூடாது" என்றார். சரி என்றேன். வேலையை விடவில்லை. சொல்லவும் இல்லை. அவர் உயிரோடு இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "சொன்னீங்களா?" என்று கேட்பார். "நேரம் வரட்டும்மா" என்பேன்.

எங்கள் ஊர்ப் பூசாரியிடமும் போய் அழுதேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வந்து நின்னுச்சே, அதுக்கா வந்துச்சு? அடப்பாவி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? உசுரு சமாசாரம்னு சொல்லியிருந்தா நானே அவுத்து, கரகத்தை என் தலைல வெச்சிக்கினு உன்னை அனுப்பியிருப்பேனேடா. அம்மா இன்னா ஜெயிலரா?"

அம்மன் மேல் எனக்கு அன்றும் இன்றும் குறை இல்லை. அவள் என்னைத் தடுக்கவில்லை. நாலடி நடந்து பூசாரியைக் கேட்காதவன் நான். நம்பிக்கையை வைத்து வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்கிறோமே, நோயாளியின் நம்பிக்கையை மட்டும்தான் சோதித்துப் பார்க்கிறோம். நம்முடையதில் எது பக்தி, எது நம் வசதி என்று பார்ப்பதில்லை. கரகம் எடுக்க எனக்கு ஆசையும் இருந்தது. ஊர் முழுக்கப் பார்க்க நடுத்தெருவில் நடக்கிற ஆசை. அதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று பேருக்குக் காப்புக் கட்டினேன். நாள் குறிக்கவில்லை. யாரும் தனியாக அவிழ்க்கக் கூடாது, எனக்கு மனசு ஒப்பாவிட்டால் அன்று அவிழ்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவிழ்த்த பிறகு பத்து நாள் அவர்கள் அறை வாசலிலேயே பாய் போட்டேன். மூன்று பேரும் பிழைத்தார்கள்; அதில் இரண்டு பேர் கதையைத்தான் உங்களுக்குச் சொன்னேன். அவர்கள் பிழைத்தது என் நூலால் இல்லை. ஏழுமலையால்.

பச்சையம்மாவைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூரில் ஒரு டேனரி வாசலில் ஆவாரம் பட்டைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் வீட்டில் துரத்திவிட்டார்கள், அம்மா வீட்டிலும் வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அடையாளம் கண்டுகொண்டாள். கட்டை இறக்கி வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா அண்ணா? டாக்டரம்மா சௌக்கியமா?" என்று கேட்டாள். அவள் கையும் சிவந்திருந்தது.

"பச்சையம்மா, அன்னிக்கு நான் வாயைத் திறக்கல" என்றேன்.

"ஆமாம்" என்றாள். கோபமாக இல்லை.

"நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா. நான்தான் அவுக்கச் சொன்னேன்னு."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், சொன்னா உங்ககிட்ட யாரு வருவாங்க? அந்தத் தாவாரத்துல என்னை மாதிரி எத்தினி பொம்பளைங்க புருசனைக் கூட்டிக்கினு வந்து உக்காந்திருந்தாங்க. கட்டாம வெச்சிப் பாக்கிற எடம் அது ஒண்ணுதான். அவரு போய்ட்டாரு. அவங்க வூட்டுக்காரங்களாவது இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். போய்விட்டாள்.

நீங்கள் வேலை செய்கிற இந்த ஆஸ்பத்திரி இன்று மூன்று மாடியாக நிற்கிறது. அதன் பேரைக் காப்பாற்றினவள் அவள்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் இன்னும் அவளைத்தான் சொல்கிறார்கள். காப்பை அவிழ்த்துப் புருஷனைக் கொன்றவள் என்று, அவளைப் பார்த்தே இராத பிள்ளைகள் கூடச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போகப் போகிறேன். மாரியம்மன் கோயில் வாசலில் யாரையாவது இதைப் படிக்கச் சொல்லி நிற்பேன். யார் கேட்பார்களோ தெரியாது.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள். அம்மன் கோபம் என்று சேர்க்காதீர்கள். விதி என்றும் சேர்க்காதீர்கள். என் பேரை மறைக்க வேண்டாம். எல்லாம் மறந்துபோனாலும், சனிக்கிழமை மத்தியானம் புழுதிக் காலோடு வந்து நின்று அவள் கேட்டதை மட்டும், அவள் கேட்டபடியே சொல்லுங்கள்:

"நீங்க வர்ற வரைக்கும் அவருக்கு அவுக்காம வெச்சா ஆவாதா அண்ணா?"